சிறையிலிருந்தே மேல்முறையீடா, ஜாமீனில் வந்தா?

என் அண்ணன் மகனுக்கு 6 ஆண்டுச் சிறையும் 2 பிரம்படியும் விதிக்கப்பட்ட அன்று மாலை, பினாங்கு வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "எப்படியாவது பிள்ளையை வெளியே கொண்டுவந்துவிடுங்கள் தம்பி" என்று அண்ணி அழுதார். 55 வயதைத் தொட்டிருந்த அண்ணன், இ.பி.எஃப். எனும் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து ஜாமீன் கட்டத் தயாராக இருந்தார். "முறையிடப் போய்த் தண்டனை கூடிவிட்டால் யார் பொறுப்பு?" என்று கேட்டார் அத்தை. நான் நாலாவது ஆள். முறையிடுவோம், ஆனால் பையன் உள்ளேயே இருக்கட்டும் என்றேன். கல்நெஞ்சக்காரன் என்று பெயர் வாங்கினேன். இன்றும் அதே பக்கம்தான் நிற்கிறேன்.

வழக்கு இதுதான். நள்ளிரவுச் சோதனையில், மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் துணி சுற்றிய பாராங் கத்தி ஒன்று அகப்பட்டது. மலேசியாவின் 1958ஆம் ஆண்டு அபாயகர ஆயுதச் சட்டம், பிரிவு 6(1). பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்ததற்கு முறையான காரணம் உண்டென்று காட்டவேண்டியது பிடிபட்டவரின் பொறுப்பு. காட்டமுடியாவிட்டால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் விதிக்கலாம். பையன் செஷன்ஸ் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டவர் பொதுவாகத் தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் பற்றி மட்டுமே முறையிடமுடியும்.

முறையிடாமல் விட்டுவிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 5 ஆண்டுக்குக் கீழே எந்த நீதிபதியும் இறங்கமுடியாது. ஆகவே 5 ஆண்டுதான் விதித்து, அதையும் கைதான நாளிலிருந்து எண்ணச் சொல்லியிருந்தால், சிறைக்காலத்தைக் குறைக்கக் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எங்களுக்கோ 6 ஆண்டு, அதுவும் தீர்ப்பு நாளிலிருந்து. பையன் அதற்கு முன்பே ஜாமீன் பணம் புரட்டமுடியாமல் 4 மாதம் உள்ளே இருந்தான். அந்த 4 மாதம் கணக்கிலேயே வரவில்லை. அத்தை பயந்ததில் நியாயம் உண்டு. உயர் நீதிமன்றம் தண்டனையைக் கூட்டவும் கூடும். பழைய குற்றம் எதுவும் இல்லாத பையன், யாருக்கும் காயமில்லை என்பதால் துணிந்தோம். பழைய வழக்குகள் உள்ள ஒருவருக்கு இதே துணிச்சலை நான் சொல்லமாட்டேன்.

இனி உண்மையான போட்டி. முறையீடு செய்ததாலேயே சிறைத்தண்டனை நின்றுவிடுவதில்லை. நிறுத்திவைக்கும்படி தனியாக மனுச் செய்து, நீதிமன்றம் கேட்கும் பிணையைக் கட்டினால் வெளியே வரலாம். அண்ணன் விரும்பியது இதைத்தான். அவருக்குப் பிடிபடாமல் இருந்த ஒன்று உண்டு: தண்டனை நிறுத்திவைக்கப்பட்ட காலம், கடைசியில் சிறை என்றே முடிந்தால், தண்டனையில் கழியாது. உயர் நீதிமன்றம் வேறுவிதமாக உத்தரவிட்டால் ஒழிய, விட்ட இடத்திலிருந்துதான் மறுபடி எண்ணத் தொடங்குவார்கள்.

அண்ணி வீட்டுச் சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினக் காலண்டர் தொங்கும். கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி அண்ணனுக்குக் காட்டினேன். நன்னடத்தை இருந்தால் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு கழியும். 6 ஆண்டென்றால் உள்ளே 48 மாதம். 5 ஆண்டாகக் குறைந்து கைதான நாளிலிருந்து எண்ணினால் 40 மாதம். ஏற்கெனவே இருந்த 4 மாதம் போக 36. முறையீடு முடிய 7 மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டோம். உள்ளே இருந்தால் அந்த ஏழும் கழிந்து 29 மாதம் மிச்சம். ஜாமீனில் வந்தால், அதே வெற்றிக்குப் பிறகும் 36 மாதம் மிச்சம். குறைந்தது 5 ஆண்டு நிச்சயம் என்றிருக்கும் வழக்கில் ஜாமீன் என்பது விடுதலை அல்ல, தவணை. ஏழு மாதம் வீட்டுச் சோறு சாப்பிட்ட பிள்ளையை மறுபடி கொண்டுபோய் விட எந்தத் தாய்க்கு மனம் வரும் என்றும் கேட்டேன். அண்ணன் பதில் சொல்லாமல் அந்தத் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிரம்படி மட்டும் விதிவிலக்கு. முறையீடு நிலுவையில் இருக்கும்வரை அதை நிறைவேற்றக்கூடாது என்பது சட்டம். அதற்கு ஜாமீன் தேவையில்லை. அண்ணியின் பெரிய பயம் அதுதான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு பையனும் முதலில் கேட்டது, "சித்தப்பா, அடி எப்போது?" என்றுதான். இப்போதைக்கு இல்லை என்று சொன்ன பிறகே அவன் முகத்தில் ரத்தம் ஓடியது.

உள்ளே இருந்தால் வழக்கை நடத்தமுடியாது என்பதும் தவறான எண்ணம். தீர்ப்பு நாளிலிருந்து 14 நாளுக்குள் முறையீட்டு அறிவிப்புக் கொடுக்கவேண்டும். கைதி அதைச் சிறை அதிகாரியிடமே, வாய்மொழியாகக்கூட, கொடுக்கலாம். பிறகு வழக்குக் குறிப்புகளும் தீர்ப்பின் காரணங்களும் கைக்கு வரும். அதிலிருந்து இன்னொரு 14 நாளுக்குள் முறையீட்டு மனு. இந்த இரண்டாவது கெடுவைத்தான் குடும்பங்கள் கோட்டைவிடுகின்றன. வசதியில்லாதவர்கள் தேசிய சட்ட உதவி அறவாரியத்தையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ உடனே அணுகவேண்டும்.

லெபோ லைட்டில் உள்ள உயர் நீதிமன்றத்தில் சரியாக ஏழாவது மாதம் வழக்கு வந்தது. 5 ஆண்டு, கைதான நாளிலிருந்து, ஒரு பிரம்படி. நாங்கள் கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தது.

குற்றத்தை மறுத்து விசாரணை நடந்து, தீர்ப்பே தவறு என்று வலுவாகச் சொல்லமுடிகிற வழக்கில் நான் அண்ணன் பக்கம் சாய்வேன். அங்கே வென்றால் முழு விடுதலை. அதுவரை உள்ளே கழித்த நாள்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. துப்பாக்கி வழக்குகளின் கதை வேறு. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில், உரிமமின்றி வைத்திருந்ததற்கே 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. அதில் எங்கள் பென்சில் கணக்கை நம்பி யாரும் முடிவெடுக்கவேண்டாம்.