வேர் சிகிச்சைக்குப் பணம் கட்டும் முன் எக்ஸ்ரேயைக் கையில் வாங்குங்கள்

கணவரின் வேலை மாற்றத்தால் மலேசியாவிலிருந்து சென்னைக்குக் குடிவந்தவள் நான். பழைய மகாபலிபுரம் சாலையில், ‘ஆலோசனை இலவசம்’ என்று பலகை வைத்திருக்கும் ஒரு பல் மருத்துவமனையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே தங்கியிருப்பவர்கள் அவசியம் படியுங்கள்.

கீழ்த்தாடையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல் குளிர்ந்த நீர் பட்டால் கூசியது, அவ்வளவுதான். வரவேற்பில் இருந்த பெண் என் பேச்சைக் கேட்டதும் “மேடம், எந்த ஊர்?” என்றார். அடுத்து, “கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதா?” பல்லைப் பற்றிய விசாரணை அதற்குப் பிறகுதான்.

மருத்துவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மருத்துவரே அல்லாத ஒருவர் தனி அறையில் உட்கார வைத்துக் கணக்குச் சொன்னார்: மூன்று பற்களுக்கு வேர் சிகிச்சை (ரூட் கெனால்), மூன்றுக்கும் மேலே மாட்டும் ஜிர்கோனியா என்ற பீங்கான் வகை உறை, 54,000 ரூபாய். முழுத்தொகையும் அன்றே கட்டினால்தான் தள்ளுபடி. கட்டிய கையோடு இடப்பக்கப் பல்லில் மரத்துப்போக ஊசி போட்டுக் குடையத் தொடங்கிவிட்டார்கள்.

அதன் பிறகு போகும்போதெல்லாம் வேறு வேறு மருத்துவர். உறை உயரமாக இருந்ததால் வாயை மூடினாலே அந்தப் பல்தான் முதலில் இடித்தது. நீலத்தாள் வைத்துக் கடிக்கச் சொல்லி, உயரம் பார்த்துத் தேய்த்துவிடுவது சாதாரண வேலை. அதைச் செய்யாமல் “போகப்போகப் பழகிவிடும்” என்றார்கள். பல்லா பழக வேண்டும்?

இன்சூரன்ஸும் கைவிட்டது. ரசீதில் ‘பல் சிகிச்சை’ என்று ஒரே வரி; எந்தப் பல், என்ன சிகிச்சை என்று எதுவும் இல்லை. வெளிநாட்டு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பல்லின் எண்ணைக் கேட்கும். கீழ் இடப்பக்க முதல் கடைவாய்ப் பல்லுக்கு எண் 36. அதைக் குறித்து ரசீது கேட்டால், “எங்கள் சிஸ்டத்தில் அப்படி வராது” என்று பதில். எக்ஸ்ரே பிரதியும் தரவில்லை.

பக்கத்து வீட்டு அக்காதான் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனார். கூட்டம் அதிகம், காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பயிற்சி மருத்துவர் பார்த்ததைப் பேராசிரியர் மறுபடி பார்த்தார், எக்ஸ்ரேயை என்னிடமே காட்டி விளக்கினார். மீதி இரண்டு பற்களில் ஒன்றில் வெறும் கறை. மற்றதில் சிறு சொத்தை, அடைத்தால் போதும். வேர் சிகிச்சை செய்த பல்லிலோ மருந்து வேரின் நுனிவரை போகவே இல்லை.

குளிர் பட்டுக் கூசி, உடனே அடங்கினால் பெரும்பாலும் நரம்பு பிழைத்துக்கொள்ளும் என்றும் அவர் சொன்னார். கூச்சம் நெடுநேரம் நின்றாலோ, இரவில் தானாக விண்விண்ணென்று தெறித்தாலோதான் வேர் சிகிச்சையை யோசிக்க வேண்டுமாம். என் பல் முதல் வகை. அந்த மருத்துவமனையில் யாரும் இதைக் கேட்கவே இல்லை.

ஆகவே, தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் எடுத்த எக்ஸ்ரே, பல் எண் குறித்த ரசீது, உறைக்கு லேப் தரும் உத்தரவாத அட்டை ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். சிகிச்சை செய்பவர் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. காசு கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

எழுத்தில் புகார் கொடுத்த பிறகு, தொடாத இரண்டு பற்களுக்கான பணம் திரும்பியது, அதிலும் ‘நிர்வாகச் செலவு’ பிடித்துக்கொண்டு. 36-ஐ மறுபடி திறந்து செய்ய வேண்டும். அதற்குக் கல்லூரியில் தேதி வாங்கியிருக்கிறேன்.