வீட்டு மினி லேத்தில் ஐந்தாண்டுகள்

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டின் பின்புறக் கொட்டகையில் ஒரு சிறிய லேத்தை (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஐந்து ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் பெட்டுக்கு (அடித்தளத் தண்டவாளம்) மேல் 180 மி.மீ. விட்டமுள்ள ஜாப் (கடையப்படும் துண்டு) சுழலும். ஜாப்பை இருபுறமும் தாங்கும் கூர்முனைகளான இரு சென்டர்களுக்கு இடையே 350 மி.மீ. நீளம் கிடைக்கும், எடை ஏறத்தாழ 40 கிலோ. மேசை மின்விசிறிகளுக்கும் தையல் இயந்திரங்களுக்குமான கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ்களையே, அதாவது ஷாஃப்ட் சுழலும் உருளை உறைகளையே, அதில் மிகுதியாகக் கடைகிறேன். லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லாத ஊர்தான் இது. ஆனால் ஒரே ஒரு புஷ்ஷுக்காக ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டரை நிறுத்தி வைப்பது எந்தப் பட்டறைக்கும் கட்டுப்படியாகாது.

இயந்திரம் வந்த முதல் வாரத்தில், 25 மி.மீ. ராடைச் சக்கில் (ஜாப்பைக் கவ்விச் சுழற்றும் பிடி) பிடித்து, மறுமுனையில் டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல் 100 மி.மீ. நீளத்துக்கு மெல்லிய வெட்டு ஓட்டி, இரு முனைகளையும் மைக்ரோமீட்டரால் அளந்தபோது 0.06 மி.மீ. வேறுபாடு இருந்தது. குறை லேத்தில் இல்லை. சமமில்லாத மேசையில் போல்ட்டை இறுக்கியதால் பெட் முறுகியிருந்தது. ஒரு காலுக்கு அடியில் மெல்லிய தகட்டுத் துண்டு வைத்து, மீண்டும் மீண்டும் வெட்டி அளந்து, வேறுபாட்டை 0.01 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன். இந்தச் சோதனையைச் செய்யாமல் இயந்திரத்தைக் குறை சொல்வது நியாயமாகாது.

எனக்கு நீண்ட காலம் தொல்லை கொடுத்தது பார்ட்டிங், அதாவது கடைந்த துண்டை ராடிலிருந்து அறுத்தெடுப்பது. 2 மி.மீ. அகல டூல் மென்எஃகில் இறங்கியவுடன் முழு இயந்திரமும் அதிரும். சில முறை டூல் சிக்கி ஜாப் வளைந்தும் போனது. டூல் நுனியைச் சென்டர் உயரத்துக்குச் சரியாக வைப்பது, டூலைக் குறைவாக வெளியே நீட்டுவது, சாடிலை (டூலைச் சுமந்து நகரும் பகுதி) லாக் செய்வது, சக்கின் தாடைக்கு மிக அருகில் அறுப்பது ஆகிய அனைத்தும் ஓரளவு உதவின. பயந்து பயந்து மெதுவாக ஊட்டினால் டூல் வெட்டாமல் உரசி அதிர்வை இன்னும் பெருக்கும் என்பதால், எண்ணெய் விட்டுக்கொண்டே கை நிற்காமல் ஊட்ட வேண்டும். ஆயினும், மூன்றாம் ஆண்டில், சக்கைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில் இருந்த 6206 பால் பேரிங்குகளைக் கழற்றி, 30206 டேப்பர் ரோலர் பேரிங்குகளைப் பொருத்திய பிறகே உண்மையான மாற்றத்தைக் கண்டேன். புதியவை சற்று அகலம் கூடியவை என்பதால் ஸ்பேசரை (இடைவளையம்) கடைந்து குறைக்க வேண்டியிருந்தது.

இனி புஷ்ஷுக்கு வருகிறேன். கன்மெட்டலுக்கு டூலின் மேல்முகம் சாய்வின்றித் தட்டையாக இருக்க வேண்டும். எஃகுக்குத் தீட்டிய டூல் உலோகத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். டிரில்லும் அப்படித்தான், ஆகவே அதன் வெட்டு விளிம்பைக் கல்லில் லேசாகத் தட்டையாக்கிக்கொள்கிறேன். 8 மி.மீ. ஷாஃப்டுக்கு முதலில் 7.8 மி.மீ. துளை. ரீமரை (துளையைத் துல்லிய அளவுக்குக் கொண்டுவரும் கருவி) அப்போதே ஓட்டிவிடுவதில்லை; புஷ்ஷை அதன் இருக்கையில் அழுத்தி ஏற்றும்போது உள்விட்டம் சுருங்கும் என்பதால், ஏற்றிய பின் கையால் ரீமர் செய்கிறேன். எச்7 (துளை அளவுக்கான ஒரு துல்லியத் தரம்) ரீமர் என்றால் 8 மி.மீ. துளையில் 15 மைக்ரான் (0.015 மி.மீ.) வரை மட்டுமே கூடுதல் அனுமதி. ஷாஃப்ட் எண்ணெயுடன் தன் எடையிலேயே மெல்ல இறங்கும் அந்தக் கணத்துக்காகவே இந்த வேலையை விரும்பிச் செய்கிறேன்.

வேகத்தைக் கணக்கிட்டு வைப்பது நல்லது. 12 மி.மீ. மென்எஃகுக்கு ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்றால் சுமார் 660 சுற்றுகள் வரும். அதற்கும் வெகுவாகக் குறைத்தால் இந்த டி.சி. மோட்டாரின் இழுவை தளர்ந்துவிடுகிறது. ஆகவே, குறைந்த சுற்றுகள் தேவைப்படும் 40 மி.மீ.க்கு மேற்பட்ட எஃகு வேலைகளை நான் ஏற்பதில்லை. அவற்றைத் தெருமுனைப் பட்டறையின் 6 அடி லேத்துக்கே கொடுத்துவிடுகிறேன்.