காணாமல் போன டிஸ்க்குகள்: டர்பனில் என் 24 டிஸ்க் சர்வருடன் மூன்று ஆண்டு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில், எங்கள் வீட்டு கராஜில் 24 ஹார்ட் டிஸ்க் போடும் சர்வர் ஒன்று ஓடுகிறது. சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்கள், காவடித் திருவிழாக்கள், பாட்டி தமிழில் பேசிய பழைய கேசட்டுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதனால் ஒரு டிஸ்க் காணவில்லை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

2023இல் லோட்ஷெடிங் (முறைவைத்து மின்வெட்டு) ஸ்டேஜ் 6 வரை போன நாட்களில், ஒருநாள் கரண்ட் திரும்பியதும் நான்கு டிஸ்க்குகளைக் காணோம். பல டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக (பூல்) இணைக்கும் இசட்எஃப்எஸ் மென்பொருளில், இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் அமைப்பு என்னுடையது. நான்கு போனதும் பூல் எழவே இல்லை. பதறிப்போய்ப் புது டிஸ்க் வாங்கிவிட்டேன், வீண் செலவு. நான்கும் ஒரே வரிசையில் இருந்ததை முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் வரிசைக்கு நான்கு டிஸ்க், அவை செருகும் ஒரு சர்க்யூட் பலகை (பேக்பிளேன்), அதற்கு ஒரே ஒரு டேட்டா கேபிள். டிஸ்க்கின் மேல் கை வைத்துப் பார்த்தேன், சுற்றும் அதிர்வு தெரிந்தது. அப்படியென்றால் பவர் வருகிறது, கோளாறு டேட்டா பக்கம். கேபிளைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகியதும் நான்கும் வந்துவிட்டன. பூலை இம்போர்ட் செய்து (மறுபடி இணைத்து), எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பை ஓடவிட்டேன், ஒரு ஃபைலும் கெடவில்லை. அன்றுதான் மூச்சு வந்தது.

எட்டு டிஸ்க் சேர்ந்து மறைந்தது இன்னொரு முறை, இங்கே கோடையான டிசம்பர் வெயிலில். டிஸ்க்குகளைக் கம்ப்யூட்டருடன் இணைக்கும் என் ஹெச்பிஏ கார்டு ஒவ்வொன்றிலும் எட்டு டிஸ்க். இந்தக் கார்டுகள் சர்வர் ஃபேன்களின் பலமான காற்றை நம்பிச் செய்யப்பட்டவை. நானோ சத்தம் குறைய மெதுவான ஃபேன் போட்டிருந்தேன். கார்டின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கில் விரல் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அதன் மேல் சின்ன ஃபேன் ஒன்றைக் கட்டினேன், அதோடு தீர்ந்தது.

யுஎஸ்பி பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்க் ஒன்று வேறு கதை. பழைய பிசியில் போட்டுச் சோதித்தால் சுற்றவே இல்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். டிஸ்க் இணைப்புக்கான புதிய சாட்டா விதிப்படி, பவர் பிளக்கின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கும். பழைய பவர் சப்ளை அந்த 3.3 வோல்ட்டை விடாமல் அனுப்புகிறது. என் சர்வரின் பேக்பிளேனுக்குப் பவர் மோலெக்ஸ் என்ற பழைய நான்கு பின் பிளக் வழியாக வருவதால் அங்கே 3.3 வோல்ட்டே கிடையாது, அதில் போட்டதும் டிஸ்க் உடனே ஓடியது. பிசியிலேயே வைக்க வேண்டுமானால் அந்தப் பின்னைக் மின்சாரம் கடத்தாத கேப்டன் (Kapton) டேப்பால் மூடினால் போதும்.

இப்போது டிஸ்க் வைக்கும் ஒவ்வொரு ட்ரேயிலும் அதன் சீரியல் நம்பர் ஒட்டியிருக்கிறேன். எது காணோம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது.