மியுராவா, அவென்டடோரா? தூசி துடைக்கிறவன் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த இரண்டு லம்போர்கினியையும் நான் ஓட்டியதில்லை. அவென்டடோரை ஒரே ஒரு தடவை சென்னை இசிஆரில் பார்த்திருக்கிறேன், மியுராவை நேரில் பார்த்ததே கிடையாது. என்னிடம் இருந்தது இரண்டின் 1:18 மாடல்கள்தான், நிஜக் காரில் பதினெட்டில் ஒரு பங்கு அளவுள்ள பொம்மைகள். காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டு முகப்பில், மர அலமாரியின் மேல் மூன்று வருடமாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. சிங்கப்பூரிலிருந்து வந்த அண்ணன் மகன், "ஒண்ணு எனக்கு சித்தப்பா, எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றான். மியுராவை நான் வைத்துக்கொண்டேன்.

வேகம், குதிரைத்திறன் பற்றியெல்லாம் பேசிப் பயனில்லை. என்னுடைய மியுரா எஸ் வகை, நிஜக் காரில் 370. அவென்டடோர் 700. இரண்டிலும் பன்னிரண்டு சிலிண்டர், இரண்டிலும் எஞ்சின் முதுகுப் பக்கம். பெயரும் இரண்டுக்கும் காளைச் சம்பந்தம்தான்: மியுரா என்பது ஸ்பெயினில் சண்டைக் காளை வளர்க்கும் குடும்பத்தின் பெயர், அவென்டடோர் ஒரு காளையின் பெயர். சிராவயல் மஞ்சுவிரட்டு பார்த்து வளர்ந்தவனுக்கு இது போதும். இரண்டுக்கும் நடுவே சண்டை என்றால் அது வடிவத்தில்தான்.

செட்டிநாட்டுக்காரன் என்பதால் பழசுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். யோசித்தால் எங்கள் ஊர் ரசனைக்கு அவென்டடோர்தான் பொருந்தும். நிலைக்கதவில் விரல் வைக்க இடமில்லாமல் செதுக்குகிற ஊர் இது. யாளி, கிளி, கொடி, பூ, அதற்கு மேல் கஜலட்சுமி. 2011-இல் வந்த அவென்டடோரும் அப்படித்தான், போர் விமானத்தைப் பார்த்து மடித்த மடிப்பு, அறுகோணம், துவாரம், துவாரத்துக்குள் இன்னொரு துவாரம். அதே வீட்டில் பர்மா தேக்குத் தூணும் இருக்கிறது அல்லவா, மேலிருந்து கீழ்வரை ஒரே வழவழப்பு, அதுதான் மியுரா. 1966 ஜெனிவா கண்காட்சியில் வந்தது. கார்களுக்கு உருவம் வரைந்து கொடுக்கும் பெர்டோனே நிறுவனத்தில் இதை வரைந்த மார்செல்லோ காந்தினிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

இனி தூசி. எங்கள் ஊர் செம்மண் தூசி மேலே படிவதோடு நிற்காது, உள்ளே குடியேறும். ஐப்பசி ஈரத்தில் அது பசையாகிவிடும். மியுராவுக்கு ஒரு பழைய வேட்டித் துண்டு போதும். முன் மூக்கில் வைத்து ஒரு இழுப்பு, சக்கரத்துக்கு மேல் ஏறி, கதவருகே லேசாக இறங்கி, பின்சக்கரத்தின் மேல் மறுபடி ஏறி வாலில் முடியும். கை எங்கேயும் நிற்காது. மூன்று வருடம் கண்ணால் பார்த்தும் பிடிபடாத அந்தக் கோடு எனக்குத் துடைக்கும்போதுதான் பிடிபட்டது.

அவென்டடோருக்குத் துணி ஆகாது, ஒவ்வொரு முனையிலும் மாட்டும். பெயின்ட் பிரஷ், காது குடையும் பட்ஸ், கடைசியில் பல்குத்தும் குச்சி. கதவுக்குப் பின்னால் இருக்கும் காற்றுவாயில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலை அரைமணி நேரம் போகும். ஒருமுறை பக்கக் கண்ணாடி கையோடு வந்துவிட்டது, பசை போட்டு ஒட்டியிருக்கிறேன், உற்றுப் பார்த்தால் கோணல் தெரியும். இவ்வளவு துடைத்த பிறகும் அந்தக் காரின் உருவம் மனதில் ஒன்றாகச் சேரவே இல்லை, துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது.

சரி, அவென்டடோர் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த ஓட்டைகள் சும்மா போட்டவை அல்ல. 700 குதிரைத்திறன் எஞ்சினைக் குளிர்விக்கக் காற்று வேண்டும், 350 கிலோமீட்டர் வேகத்தில் கார் தரையை விட்டுக் கிளம்பாமல் அழுத்திப் பிடிக்கவும் வேண்டும். மியுராவில் அந்தக் கவலையே படவில்லை. பெட்ரோல் டேங்க் முன்பக்கம் இருப்பதால், தீரத் தீர மூக்கு லேசாகி வேகத்தில் மிதக்கும் என்பது பேர்போன குறை. ஓட்டுகிறவனுக்கு அது எப்படியிருக்கும் என்று அலமாரிக்காரன் நான் எதைச் சொல்ல?

மியுராவிலும் எனக்கு இம்சை உண்டு. ஹெட்லைட்டைச் சுற்றிக் கண்ணிமை மாதிரி கறுப்புக் கோடுகள், பின்கண்ணாடி மேல் சட்டம் சட்டமாகப் பலகைகள். இரண்டிலும் தூசி நிற்கும். 1971-இல் வந்த எஸ்வி வகையில் இமை கிடையாது, துடைக்கிறவனுக்கு அதுதான் லாபம். ஆனால் இமை இல்லாத மியுரா, புருவம் மழித்த முகம் போல எனக்குப் படுகிறது, அதனால் வாரம் ஒரு பட்ஸ் போனால் போகட்டும்.

"இது என்ன சித்தப்பா, பழைய பியட்டை அமுக்கி வச்ச மாதிரி இருக்கு" என்று சிரித்துக்கொண்டே அவென்டடோரைப் பெட்டியில் வைத்தான் பையன். அவன் வீட்டில் கண்ணாடி ஷோகேஸ் இருக்கிறது, ஏசி இருக்கிறது, ஜன்னலே திறப்பதில்லை. அங்கே அது நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்த தடவை வரும்போது லம்போர்கினியின் இன்னொரு காரான கவுன்டாக் மாடல் ஒன்று வாங்கி வரட்டுமா என்று கேட்டிருக்கிறான். அதுவும் காந்தினி வரைந்ததுதான். 1974-இல் வந்த முதல் வகையான எல்பி400 என்றால் வாங்கு, இறக்கையும் வரிவரியான காற்றுவாயும் வைத்த பிற்காலத்து வகை என்றால் பட்ஸ் டப்பாவையும் சேர்த்து வாங்கி வா என்று சொல்லியனுப்பினேன்.