கிரீம் கேக்கா, பட்டர் பிஸ்கட்டா: வீட்டு ஓவனில் முதலில் எதைத் தொடங்கலாம்?

வீட்டிலிருந்தே பேக்கிங் தொழில் தொடங்க நினைப்பவர்களில் பலர் முதலில் யோசிப்பது பிறந்தநாள் கிரீம் கேக்கைத்தான். கிலோவுக்கு 700, 800 ரூபாய் சொல்லலாம், போட்டோ போட்டால் நாலு பேர் விசாரிப்பார்கள். ஆனால் ஒரே ஒரு ஓடிஜியும் (வீட்டு உபயோகச் சிறு மின்சார ஓவன்) வீட்டு ஃபிரிட்ஜும் வைத்துக்கொண்டு தனி ஆளாக இறங்குபவர்களுக்கு பட்டர் பிஸ்கட்தான் முதலில் ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கேக்கின் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் வந்த பிறகுதான் மாவையே அளக்கிறோம். பாதித் தொகையை முன்பணமாக வாங்கிவிட்டால் கைக்காசு முடங்காது. விற்காத சரக்கு என்று ஒன்றும் மிஞ்சாது. அலங்காரம் கூடக் கூட விலையையும் கூட்டலாம்.

சிக்கல் நேரத்தில்தான். ஒரு கிலோ கேக்குக்கு ஸ்பாஞ்ச் சுட முக்கால் மணி நேரம் போதும். ஆனால் அது முழுக்க ஆறாமல் கிரீம் தடவினால் உருகி வழியும். ஆறவைத்து, அடுக்காக வெட்டி, சர்க்கரைப் பாகு தெளித்து, முதல் பூச்சு பூசி, ஃபிரிட்ஜில் இறுகவிட்டு, மறுபூச்சு, பூ, பெயர் என்று முடிப்பதற்குள் ஒரு பொழுதே போய்விடும். மைதா, முட்டை, கிரீம், அட்டைப்பெட்டி வரை கணக்குப் போடும் பெண்கள் தங்கள் உழைப்புக்கு மட்டும் ஒரு ரூபாய்கூடப் போடுவதில்லை. இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. கூலியையும் சேர்த்துப் பாருங்கள், 800 ரூபாய் கேக்கின் லாபம் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும்.

அடுத்தது வெயில். பால் கிரீம் நம் ஊர் மே மாதத்தில் நிற்காது. அதனால்தான் பெரும்பாலோர் தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீமுக்குப் போகிறார்கள். அதுவும் மதிய வெயிலில் ஸ்கூட்டரில் போனால் தளர்ந்துவிடும். ஸ்பாஞ்ச் உப்பி வரும் நேரத்தில் கரண்ட் போனாலோ நடுவில் அமுங்கிவிடும். அன்று மாலையே விழா என்றால் மறுபடி சுட நேரமும் இருக்காது.

பிஸ்கட்டில் வேலை நேரம் நம் கையில் இருக்கிறது. சர்க்கரை 1 பங்கு, வெண்ணெய் 2, மைதா 3 என்பது பழைய, நம்பகமான அளவு. பிசைந்த மாவை உருட்டி ஃபிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு வில்லை போட்டுச் சுடலாம். ஈரப்பதம் குறைவு என்பதால் காற்றுப்புகாத டப்பாவில் வாரக்கணக்கில் தாங்கும். ஒரு தட்டு கருகினால் அந்த ஒரு தட்டோடு நஷ்டம் முடிந்தது.

ஆனால் விலையில் பிஸ்கட் நம்மைச் சோதிக்கும். பிசைந்த மாவு 600 கிராம் என்றால் அதில் வெண்ணெய் மட்டுமே 200 கிராம், அதற்கே ஏறத்தாழ 120 ரூபாய் ஆகிறது. டீக்கடைப் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் வனஸ்பதியில் செய்தது. அதன் விலையோடு மோதினால் தோற்போம். அந்தப் பக்கமே போகாமல், அசல் வெண்ணெய் என்று சொல்லி 200, 250 கிராம் பாக்கெட்டாக நேரடியாக வீடுகளுக்கு விற்க வேண்டும். கடையில் வைத்தால் கடைக்காரருக்கும் பங்கு போகும், தங்கிய சரக்கும் நம்மிடமே திரும்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிஸ்கட் சீக்கிரம் நமத்துப்போகும், தீபாவளி ஆர்டரோ அப்போதுதான் வரும். எனவே நல்ல கனமான பவுச்சும் சீல் போடும் மெஷினும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

சட்டம் இரண்டுக்கும் பொது. வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு கட்டாயம். பாக்கெட்டில் 14 இலக்கப் பதிவு எண், பொருட்பட்டியல், எடை, தயாரித்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். முட்டை சேர்ந்தால் அசைவக் குறியான பழுப்பு முக்கோணம் போட வேண்டும். முட்டை இல்லாத பட்டர் பிஸ்கட்டுக்குப் பச்சைப் புள்ளி போதும், சைவ வீடுகளும் தயங்காமல் வாங்கும்.

பயிற்சி வேண்டுமென்றால் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள். பெரிய ஓவன் வாங்கும் கட்டம் வரும்போது, சிறு உணவுத் தொழில்களுக்காக மத்திய அரசு 2020-இல் தொடங்கிய பி.எம்.எஃப்.எம்.இ திட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அதில் வங்கிக் கடனோடு 35 சதவீத மானியம் தரப்பட்டது, இப்போதும் உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதுவரை கேக்கே வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். பிஸ்கட் வாங்கும் வீடுகளே ஒருநாள் கேக் கேட்கும். அப்போது இரண்டு நாள் முன்பே சொல்ல வேண்டும், முன்பணம் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு, வாரத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் எடுங்கள். அதற்கும் முன்னால் கிறிஸ்துமஸுக்கு பிளம் கேக் செய்து பாருங்கள். கிரீம் கிடையாது, வெயிலுக்கு உருகாது, நன்றாகச் சுற்றிவைத்தால் நாள்பட ருசி கூடும். ஆர்டர் நோட்டை நவம்பரிலேயே திறந்துவிட்டு, சுடுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு உலர்பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம்.