ஜி.ஐ. பில்: சாப்டர் 33, 30, 31-இல் எதை முதலில் எடுப்பது?

அமெரிக்க ராணுவத்தில் பணி முடித்துப் பல்கலைக்கழகத்தில் சேருகிறவருக்குப் பெரும்பாலும் மூன்று உதவித் திட்டங்கள் உண்டு: போஸ்ட் 9/11 ஜி.ஐ. பில் (சாப்டர் 33), மான்ட்கோமெரி ஜி.ஐ. பில் (சாப்டர் 30), பணியால் உடல்நலம் கெட்டவர்களுக்கான வி.ஆர்.அண்ட்.இ. (சாப்டர் 31). மூன்றையும் நடத்துவது வி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் முன்னாள் படைவீரர் நலத்துறைதான். ஆனால் பணம் யார் கைக்கு வருகிறது, எவ்வளவு வருகிறது, எத்தனை மாதம் வருகிறது என்பதெல்லாம் திட்டத்துக்குத் திட்டம் மாறும். பலர் யோசிக்காமல் 33-ஐ டிக் செய்து இளங்கலையிலேயே முழுவதையும் தீர்த்துவிடுகிறார்கள். வரிசையைக் கொஞ்சம் மாற்றியிருந்தால் முதுகலைக்கும் சேர்த்துப் பணம் இருந்திருக்கும். தேவையான மொழியோ மருத்துவத் திறனோ உள்ள வெளிநாட்டவரை எடுத்த மாவ்னி திட்டத்தில் தமிழ் தெரிந்தவர்களையும் ராணுவத்தில் சேர்த்தார்கள். அப்படிச் சேர்ந்து குடியுரிமை பெற்றவர்களுக்கும் விதிகள் இவையேதான்.

சாப்டர் 33

2009 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ள திட்டம். 2001 செப்டம்பர் 10-க்குப் பிறகு மொத்தம் 36 மாதம் முழுநேரப் பணி செய்திருந்தால் 100 விழுக்காடு. 90 நாள் மட்டும் என்றால் 50 விழுக்காடு. நடுவில் படிப்படியாக ஏறும். போரில் காயமடைந்தவர்களுக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பெற்றவருக்குப் பணிக்காலம் பார்க்காமல் 100. ஒன்றைக் கவனியுங்கள்: 50 விழுக்காட்டில் இருப்பவருக்குப் பணம்தான் பாதி, உதவி கிடைக்கும் மாதங்கள் முழுதாகவே கழியும்.

டியூஷன் நேராகக் கல்லூரிக்குப் போகும். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அந்த மாநிலத்தவருக்கான கட்டணம் முழுவதும். தனியார் என்றால் ஓர் உச்சவரம்பு உண்டு, 2024–25 கல்வியாண்டுக்கு அது 28,937.09 டாலராக இருந்தது. அதற்கு மேல் உள்ளதை யெல்லோ ரிப்பன் ஒப்பந்தம் ஈடுகட்டலாம். கல்லூரி போடும் அளவுக்கு வி.ஏ.வும் போடும். ஆனால் அதற்கு 100 விழுக்காட்டில் இருக்க வேண்டும். எத்தனை பேருக்கு, எவ்வளவு என்பதையும் கல்லூரிதான் முடிவு செய்கிறது. சில இடங்களில் சில இருக்கைகள்தான். அட்மிஷன் வந்த அன்றே கேட்டுவிடுவது நல்லது.

உங்கள் கைக்கு வருவது வீட்டுப் படி. கல்லூரி இருக்கும் ஜிப் கோடில், குடும்பத்தோடு வாழும் இ-5 தரத்து வீரருக்கு என்ன படியோ அதுதான் கணக்கு. எல்லா வகுப்பும் ஆன்லைன் என்றால் நாட்டுச் சராசரியில் பாதிதான் வரும். ஒரே ஒரு வகுப்பை நேரில் எடுத்தாலும் ஜிப் கோடு விகிதத்துக்கு மாறிவிடலாம். முழுநேரம் 12 கிரெடிட் என்ற கல்லூரியில் 6 கிரெடிட் எடுத்தால் சரியாக 50 விழுக்காடு, வீட்டுப் படி ஒரு டாலர்கூட இல்லை. 7 எடுத்தால் 58, அது 60 ஆக முழுமையாக்கப்பட்டு 60 விழுக்காடு வீட்டுப் படி கிடைக்கும். பாதி வேலை, பாதி படிப்பு என்று திட்டமிடுகிறவர்கள் பலர் இந்த ஒரு கிரெடிட்டில்தான் தடுக்கி விழுகிறார்கள். புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை தனி.

செமஸ்டர்களுக்கு இடைப்பட்ட விடுமுறைக்கு வீட்டுப் படி கிடையாது. டிசம்பர் பாதியில் நின்று ஜனவரி நடுவில் தொடங்கும். மாதம் முடிந்த பிறகே பணம் வருவதால், பிப்ரவரி முதல் வாரம் வரை வாடகைக்குக் கையில் இருப்பு வேண்டும்.

சாப்டர் 30

பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் மாதம் 100 டாலராக 1,200 டாலர் பிடித்திருந்தால் இது உங்களுக்கு உண்டு. முழுத் தொகையும் உங்கள் கைக்கே வரும், டியூஷனை நீங்கள்தான் கட்ட வேண்டும். மூன்றாண்டு அல்லது அதற்கு மேல் பணி செய்து முழுநேரம் படிப்பவருக்கு 2024 அக்டோபர் முதல் ஓராண்டுக்கு மாதம் 2,438 டாலராக இருந்தது. பணிக்காலத்தில் கூடுதலாக 600 டாலர் கட்டியிருந்தால் மாதம் 150 டாலர் வரை ஏறும். வழக்கமாகப் பணி முடிந்த 10 ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும். 33-இல் அப்படி இல்லை: 2013 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் விடுவிக்கப்பட்டவர்களுக்குக் காலவரம்பே கிடையாது.

இதைப் பழைய திட்டம் என்று ஒதுக்கிவிடுவது தவறு. டியூஷன் குறைவான கம்யூனிட்டி காலேஜில் ஆண்டுக்கு 4,000 டாலர் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,438 என்ற அந்த விகிதத்தில் ஒன்பது மாதத்துக்கு 30 தருவது 21,942. அதில் கட்டணம் 4,000-ஐயும் 33 தந்திருக்கக்கூடிய புத்தகப் பணம் 1,000-ஐயும் கழித்தால் 16,942, மாதத்துக்கு 1,882. நீங்கள் 100 விழுக்காட்டில் இருந்தும், உங்கள் ஜிப் கோடின் வீட்டுப் படி 1,882-க்குக் கீழே இருந்தால் 30-தான் லாபம். கட்டணம் ஏற ஏற இந்த எல்லை இறங்கும்: 11,000 டாலர் கட்டணத்துக்கு அது சுமார் 1,105. சான் டியேகோ, பாஸ்டன் போன்ற வாடகை அதிகமான ஊர்களில் 33-ஐ 30 வெல்ல வழியே இல்லை. சிற்றூர்க் கல்லூரிக்கும், கட்டணம் குறைந்த முழு ஆன்லைன் படிப்புக்கும் இந்தக் கணக்கைப் போடாமல் கையெழுத்திடாதீர்கள். டெக்ஸாஸில் ஹேசல்வுட் சட்டப்படி தகுதியுள்ளவருக்கு அரசுக் கல்லூரிகளில் 150 கிரெடிட் மணி வரை டியூஷன் விலக்கு உண்டு. அதோடு 30-ஐச் சேர்த்து எடுத்தால் மாதப் பணம் கிட்டத்தட்ட முழுதாக மிஞ்சும்.

30-ஐ விட்டு 33-க்கு மாறினால் திரும்ப முடியாது. அதிலும் மிச்சமிருந்த மாதங்கள்தான் 33-இல் கிடைக்கும். ஆனால் இரண்டு தனித்தனிப் பணிக்காலங்களால் இரண்டுக்கும் தகுதி பெற்றவர்களுக்கு 2024 ஏப்ரல் 16 அன்று உச்ச நீதிமன்றம் ருடிசில் வழக்கில் வழி திறந்தது: 30-ஐ விட்டுக்கொடுக்காமலே, இரண்டையும் சேர்த்து 48 மாதம் வரை. ராணுவத்தை விட்டு வந்து மறுபடி சேர்ந்தவர்கள் தங்கள் பழைய வி.ஏ. கடிதங்களை எடுத்து மறுபடி படிக்க வேண்டும்.

சாப்டர் 31

வி.ஏ. உங்களுக்குக் குறைந்தது 10 விழுக்காடு உடற்குறை மதிப்பீடு கொடுத்திருந்தால் விண்ணப்பிக்கலாம். 10 என்றால் வேலைக்கான தடை கடுமையானது என்று ஆலோசகர் ஏற்க வேண்டும். 20 அல்லது அதற்கு மேல் என்றால் தடை இருந்தாலே போதும். கிடைத்துவிட்டால் இதற்கு ஈடு எதுவும் இல்லை. டியூஷன், புத்தகம், தேவையான கருவிகள் எல்லாம் வி.ஏ. செலவு, தனியார் கல்லூரிக்கும் 33-இல் உள்ள உச்சவரம்பு கிடையாது. பொதுவாக 48 மாதம் வரை. 33-இல் ஒரு நாளாவது மிச்சமிருந்தால் மாதப் படியையும் 33-இன் வீட்டுப் படி விகிதத்திலேயே கேட்டு வாங்கலாம். மிச்சமில்லை என்றால் அதைவிட மிகக் குறைந்த தொகைதான். அதனால் 33-ஐக் கடைசி நாள் வரை சுரண்டி எடுத்த பிறகு 31-க்கு வருவது பெரிய இழப்பு.

கஷ்டம் நுழைவாயிலில்தான். படிவம் 28-1900-ஐ ஆன்லைனில் போட்டதும் ஆலோசகர் அழைப்பார். "எனக்கு டிகிரி வேண்டும்" என்று போகிறவர்களுக்குப் பெரும்பாலும் மறுப்புதான் வரும். இது வேலைக்கான திட்டம். ராணுவத்தில் செய்த வேலையை இப்போது ஏன் செய்ய முடியவில்லை, முதுகுவலியோ காது கேளாமையோ எங்கே தடுக்கிறது, எந்த வேலையை நோக்கிப் போகிறீர்கள், அதற்கு இந்தப் பட்டம் ஏன் கட்டாயம், அந்த வேலைக்கு உங்கள் ஊரில் ஆள் எடுக்கிறார்களா என்று எழுதி எடுத்துப் போங்கள். ஏற்கெனவே பட்டம் வைத்து வேலை பார்ப்பவருக்கு வாய்ப்பு குறைவு. முடிவு வர மாதங்கள் ஆகலாம். செமஸ்டர் தொடங்கிய பிறகு விண்ணப்பிப்பது வீண் பதற்றம்.

வரிசை

2021 ஏப்ரல் 1 முதல், 31-ஐ முதலில் எடுத்தால் அந்த மாதங்கள் ஜி.ஐ. பில்லில் கழிவதில்லை. தலைகீழாகச் செய்தால் கழியும்: 33-இல் 36 மாதம் தீர்த்தவருக்கு 31-இல் 12 மாதம்தான் மிச்சம். ஆகவே மதிப்பீடு உள்ளவர் முதலில் 31-இன் கதவைத் தட்ட வேண்டும். இளங்கலையை அதில் முடித்து, 33-ஐ முதுகலைக்கோ சட்டக் கல்லூரிக்கோ வைத்துக்கொள்ளலாம். மதிப்பீடே கேட்டிராதவர் கல்லூரிக்கு முன்பு அதைக் கேட்பது நல்லது. மதிப்பீடு இல்லாதவருக்கு 33-ஆ 30-ஆ என்ற மேலே சொன்ன கணக்கு மட்டும்தான். எந்தத் திட்டத்தில் இருந்தாலும் ஃபாஃப்சா (மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பம்) போடுங்கள், வி.ஏ. கல்விப் பணம் அதில் வருமானமாகக் கணக்கில் வராது, தேவை பார்த்து அரசு தரும் பெல் கிரான்ட் (2024–25-இல் உச்சம் 7,395 டாலர்) இதற்கு மேல் தனியாகக் கிடைக்கலாம்.

சேர்ந்த பிறகு

33-க்கும் 30-க்கும் படிவம் 22-1990. தகுதிச் சான்றிதழ் வந்ததும் கல்லூரியின் வி.ஏ. சான்றளிப்பு அலுவலரிடம் கொடுங்கள். 33-இலோ 31-இலோ இருந்து அதைக் கொடுத்துவிட்டால், வி.ஏ. பணம் தாமதமானதற்காக முதல் 90 நாளுக்கு அபராதம் போடவோ வகுப்பிலிருந்து நீக்கவோ கல்லூரியால் முடியாது. ஒவ்வொரு செமஸ்டரும் பதிவு செய்த உடனே அவருக்கு மெயில் அனுப்புங்கள். அவர் சான்றளிக்காவிட்டால் பணம் நகராது. பட்டத்துக்குத் தேவையான வகுப்புகளை மட்டுமே அவர் சான்றளிப்பார், தேறிய வகுப்பை மறுபடி எடுத்தால் சேராது.

33-இல் மாதாமாதம் செல்போன் செய்தியில் படிப்பை உறுதிப்படுத்த வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் விட்டால் வீட்டுப் படி நின்றுவிடும். 30-இல் உறுதிப்படுத்தாத மாதத்துக்குப் பணமே கிளம்பாது.

மிக அதிகமாகக் கடன் வருவது வகுப்பை இடையில் விடுவதால். இடையில் விட்டதற்கான 'டபிள்யூ' குறி வாங்கினால் வி.ஏ. கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம். இறுதிவரை வகுப்புக்குப் போய் 'எஃப்' வாங்கினால் கேட்காது. முதல் முறை விடும்போது 6 கிரெடிட் வரை ஒரு விலக்கு உண்டு, அதை அற்பக் காரணத்துக்குச் செலவழிக்காதீர்கள். கடைசி செமஸ்டரில் பட்டத்துக்கு 5 கிரெடிட்தான் பாக்கி என்றால் வீட்டுப் படி போய்விடும் என்று பயப்பட வேண்டாம்: அந்த ஒரு செமஸ்டரில் மட்டும், பட்டத்துக்குத் தேவையில்லாத வகுப்பையும் சேர்த்து முழுநேரமாக்கிக்கொள்ள விதி இடம் தருகிறது. பதிவு செய்யும் முன்பே சான்றளிப்பு அலுவலரிடம் இதைச் சொல்லிவைத்துவிடுங்கள்.