1200-க்கு 630 கேட்டால் 1200-க்கு 630 தருமா மேட்பிளாட்லிப்?

தரும், ஆனால் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் போடும் தொகுப்பு இது, ஏழெட்டு வருடமாக இதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், வரைபடம் அழகாக வருகிறதா என்பதெல்லாம் அப்புறம், இணைப்பைப் பகிரும்போது தெரிகிற முன்னோட்டப் படத்துக்கு 1200-க்கு 630 பிக்சல் என்றால் ஒரு பிக்சல்கூட ஏறவோ குறையவோ கூடாது, எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

நான் வைத்திருக்கும் பதிப்பில் பிக்சலில் கேட்க வழியே இல்லை. ஃபிக்சைஸ் (figsize, படத்தின் அளவு) அங்குலத்தில், டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) தனியாக, இரண்டையும் பெருக்கினால் பிக்சல். ஒன்றும் சொல்லாமல் விட்டால் 6.4-க்கு 4.8 அங்குலம், டிபிஐ 100, அதாவது 640-க்கு 480. எனக்கு 12-க்கு 6.3, டிபிஐ 100. சரி, சுலபம்தானே என்று ஒருமுறை டிபிஐ 72 வைத்து, 1200-ஐ 72-ஆல் வகுத்து, 16.66 என்று அடித்துவிட்டேன். பின்னத்தை அது வெட்டிவிடும், வந்தது 1199. அந்தப் படங்களைச் சேர்த்து வீடியோ ஆக்கப் போனால் அகலம் இரண்டால் வகுபடவில்லை என்று வீடியோ ஆக்கும் எஃப்எஃப்எம்பெக் நிரல் திருப்பி அனுப்பிவிட்டது. தப்பு என்னுடையதுதான், வகுத்தலை நிரலிடமே விட்டிருக்கலாம்.

இதைவிடப் பெரிய வில்லன் பிபாக்ஸ் இன்ச்சஸ் டைட் (bbox_inches='tight') என்கிற அமைப்பு. எங்கிருந்து நகலெடுத்தாலும் படத்தைச் சேமிக்கும் சேவ்ஃபிக் (savefig) வரியில் இது ஒட்டிக்கொண்டு வரும். ஓரத்து வெள்ளையை வெட்டி, தன் பங்குக்கு 0.1 அங்குலம் விளிம்பு சேர்த்து, 1200 அகலத்தை 1000-க்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடும். உலாவியிலேயே நிரல் ஓட்டும் ஜூப்பிட்டரில் தெரிகிற படமும் இதே வெட்டு வாங்கியதுதான், அதை வலது கிளிக் செய்து சேமித்துவிட்டு அளவு சரியில்லை என்று புலம்பிப் பயனில்லை. டைட்டைத் தூக்கிவிட்டு படம் உருவாக்கும் வரியில் லேஅவுட் கான்ஸ்ட்ரெயின்ட் (layout='constrained') போடுங்கள், படத்தின் அளவு அப்படியே நிற்கும், அச்சின் பெயர்களும் வெட்டுப்படாது.

இன்னொன்று, அளவு சரியாக வந்தாலே போதாது. 12-க்கு 6.3 டிபிஐ 100-ம் 1200 பிக்சல்தான், 6-க்கு 3.15 டிபிஐ 200-ம் 1200 பிக்சல்தான், ஆனால் எழுத்து அளவு பாயின்டில் இருப்பதால் (72 பாயின்ட் ஓர் அங்குலம்) இரண்டாவதில் எழுத்தும் கோடும் இரட்டிப்புத் தடிமன். கைபேசியில் படிக்க எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

குனுபிளாட் என்ற இன்னொரு வரைபட நிரலில் இந்தக் கணக்கே கிடையாது, பிஎன்ஜி படம் தரும் பிஎன்ஜிகெய்ரோ டெர்மினலுக்கு சைஸ் 1200, 630 என்று ஒரே வரி. ஆர் (R) நிரல்மொழியில் பிஎன்ஜி செயற்கூறும் நேரடியாகப் பிக்சல்தான் வாங்கும், சும்மா விட்டால் 480-க்கு 480. இவ்வளவு இருந்தும் மேட்பிளாட்லிப்பை விடாததற்குக் காரணம் பழக்கம், என் தரவு முழுக்க பைத்தானின் தரவு அட்டவணைத் தொகுப்பான பாண்டாஸில் கிடப்பது இன்னொன்று.

நம்மவர்களுக்கென்று ஒரு குறை. தானாக வரும் எழுத்துருவில் தமிழே இல்லை, பெட்டி பெட்டியாக வரும். தமிழ் எழுத்துரு கொடுத்தாலும் என் பதிப்பில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, 'கெ' என்று எழுதினால் பார்க்கச் சகிக்காது. அதனால் தமிழ்த் தலைப்பு வேண்டும் என்றால் எழுத்தை எழுத்தாகவே விடும்படி எஸ்விஜி ஃபான்ட்டைப் நன் (svg.fonttype: none) என்று வைத்து எஸ்விஜியாக எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற ஓவிய நிரலில் திறந்து, பிஎன்ஜி அகலம் 1200 பிக்சல் என்று அங்கே கொடுத்துவிடுகிறேன்.